மேல்முறையீட்டில் ரத்தான தண்டனையும் திரும்பப் பெற்ற பிடியாணையும் பின்னணிச் சரிபார்ப்பில் வருமா?

கேள்வி கேட்டவர் தம் தம்பிக்காகக் கேட்டிருக்கிறார். ஊரில் நடந்த அடிதடி ஒன்றில் தம்பி மீது வழக்குப் பதிவானது. விசாரணையின்போது ஒரு வாய்தாவுக்கு அவர் போகாததால் ஜாமீனில் வெளிவர முடியாத பிடியாணை பிறந்தது, அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. பிறகு செஷன்ஸ் நீதிமன்றம் மூன்றாண்டு தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்து செய்து அவரை விடுதலை செய்தது. இப்போது சென்னையில் ஒரு நிறுவனம் வேலைக்கு அழைத்திருக்கிறது, பின்னணிச் சரிபார்ப்பு உண்டு என்கிறார்கள். "இவையெல்லாம் தானாக அழிந்திருக்கும் அல்லவா?" என்பது கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: சட்டத்தின் பார்வையில் தம்பி இன்று யார் என்பது ஒன்று, அவரைப் பற்றிய பதிவேடுகள் இன்று என்ன சொல்கின்றன என்பது மற்றொன்று. முதலாவதற்கு நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு அவ்வளவு நல்ல பதில் இல்லை. கேட்காத மூன்றாவது ஒன்றும் உண்டு: நிறுவனம் கொடுக்கும் படிவத்தில் என்ன எழுதுவது? குற்றவியல் மேல்முறையீடுகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், வழக்கு இருந்தது என்பதைவிட அந்த மூன்றாவதில் தவறியதால் வேலை இழந்தவர்களே அதிகம் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

முதலில் தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். உயர் நீதிமன்றம் குற்றத்தீர்ப்பையும் தண்டனையையும் சேர்த்து ரத்து செய்து விடுதலை அளித்திருந்தால், சட்டப்படி அவர் தண்டிக்கப்பட்டவரே அல்லர். கீழ் நீதிமன்றத் தீர்ப்பு பிறந்த நாளிலிருந்தே இல்லாததாகிவிடும், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் "ஹைகோர்ட்டில் ஜெயித்துவிட்டோம்" என்று சொல்லி வருகிறவர்களின் தீர்ப்பைப் புரட்டினால் வேறு மூன்று முடிவுகளும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். குற்றத்தீர்ப்பை உறுதி செய்துவிட்டு, சிறையில் ஏற்கெனவே இருந்த காலமே போதும் என்று தண்டனையை மட்டும் குறைத்திருப்பார்கள். அல்லது பெரிய பிரிவிலிருந்து சிறிய பிரிவுக்கு மாற்றியிருப்பார்கள். இந்த இரண்டிலும் அவர் தண்டிக்கப்பட்டவராகவே தொடர்கிறார், வீட்டுக்கு வந்துவிட்டார் என்பது மட்டுமே வேறுபாடு. மூன்றாவது, தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்புவது. அப்போது அவர் தண்டிக்கப்பட்டவர் அல்லர், ஆனால் வழக்கு நிலுவையில் உள்ள எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். சரிபார்ப்புக்கு வருகிறவர் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் பார்ப்பார்.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பரவலானது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைப்பது வேறு. தமிழ்நாடே பார்த்த உதாரணம் இருக்கிறது. சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பரில் தண்டிக்கப்பட்ட ஜெயலலிதா, உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்ததால் அக்டோபரில் ஜாமீனில் வந்தார், ஆனால் முதல்வர் பதவிக்கு வர முடியவில்லை. 2015 மே 11-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்த பின்னரே மே 23-ல் மீண்டும் பதவியேற்றார். மாறாக, 2023 டிசம்பரில் தண்டிக்கப்பட்ட பொன்முடிக்கு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைத்தது, அதே மாதம் அவர் அமைச்சரானார். சாதாரண வழக்குகளில் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகை. குற்றத்தீர்ப்பை நிறுத்திவைப்பதை நீதிமன்றங்கள் அரிதாகவே செய்கின்றன. ஆகவே தண்டனை நிறுத்திவைப்பு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு "எனக்குத் தண்டனை இல்லை" என்று எங்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது.

விடுதலையும் எல்லா நேரத்திலும் கடைசி வார்த்தை ஆகிவிடாது. மேலே சொன்ன ஜெயலலிதா வழக்கில் 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, உயிருடன் இருந்த மற்ற மூவரையும் சிறைக்கு அனுப்பியது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தால், உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போட அரசுக்குப் பொதுவாக 90 நாள் அவகாசம் உண்டு, தாமதத்தை மன்னிக்கக் கோரி அதற்குப் பின்னரும் வரலாம். அடிதடி வழக்குகளில் அரசு அவ்வளவு தூரம் போவது குறைவு. ஆனாலும் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் ஒருமுறை தேடிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இனிப் பிடியாணை. இது குற்றத்தைப் பற்றிய முடிவு அல்ல, ஒருவரை நீதிமன்றத்துக்கு வரவழைக்கும் கருவி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70(2) பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72(2) பிரிவும் ஒன்றையே சொல்கின்றன: பிடியாணை நிறைவேற்றப்படும் வரை அல்லது பிறப்பித்த நீதிமன்றம் அதை ரத்து செய்யும் வரை உயிரோடு இருக்கும், நாள்பட்டதால் தானாகக் காலாவதி ஆகாது. அதனால்தான் வாய்தா தவறியவரை அழைத்துக்கொண்டு வழக்கறிஞர்கள் பிடியாணையைத் திரும்பப் பெறக் கோரும் "செவன்டி டூ பெட்டிஷன்", அதாவது 70(2) மனு, போட ஓடுகிறார்கள். ரத்தான பிடியாணை சட்டப்படி செத்துப்போன ஒன்று. "பிடியாணை ஏதேனும் நடைமுறையில் உள்ளதா?" என்று எந்தப் படிவம் கேட்டாலும் தம்பி "இல்லை" என்று எழுதலாம்.

ஆனால் பிடியாணையைச் சுற்றிக் கிளைகள் முளைத்திருக்கும். அவை பிடியாணையோடு சேர்ந்து தாமாக விழுவதில்லை. வாய்தாவுக்கு வரவில்லை என்பதற்காகவே இந்திய தண்டனைச் சட்டம் 229ஏ பிரிவில், இப்போதென்றால் பாரதிய நியாய சன்ஹிதா 269-ல், தனியாக ஓர் எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பார்கள். பலருக்கு அது போட்டதே தெரியாது, மூல வழக்கில் விடுதலையானாலும் இது தனி வழக்காக நிற்கும். நீண்ட நாள் வராதவரைத் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்திருந்தால், பிடியாணையை ரத்து செய்யும் உத்தரவு அந்த அறிவிப்பையும் குறிப்பிடுகிறதா என்று பார்க்க வேண்டும். பல எதிரிகள் உள்ள வழக்கில் ஒருவர் வராவிட்டால் அவரை மட்டும் பிரித்துத் தனி எண் கொடுத்து நீண்டகால நிலுவை வழக்காக, நீதிமன்றப் பேச்சில் 'எல்.பி.சி.'யாக, வைத்துவிடுவதும் உண்டு. எல்லாவற்றையும்விடத் தொல்லையானது விமான நிலையங்களுக்கு அனுப்பப்படும் லுக்-அவுட் சுற்றறிக்கை. உள்துறை அமைச்சகத்தின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, அதைக் கேட்டு வாங்கிய அமைப்பே நீக்கச் சொல்லாத வரை அது தொடரும். தம்பியின் பிடியாணை ஒரு மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது என்பதால் இவற்றில் பலவும் அவருக்கு இருக்க வாய்ப்பில்லை. 229ஏ வழக்கு இருக்கிறதா என்பதை மட்டும் காவல் நிலையத்தில் விசாரித்துவிடுங்கள்.

பதிவேடுகளின் கதைக்கு வருவோம். பின்னணிச் சரிபார்ப்பு என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்கிறார்கள், ஆனால் பார்க்கிறவர்கள் வெவ்வேறு இடங்களில் பார்க்கிறார்கள். காவல் துறை பார்ப்பது சி.சி.டி.என்.எஸ். எனப்படும் கணினி வலையமைப்பையும் நிலையப் பதிவேடுகளையும். அந்த அமைப்பில் ஒரு வழக்கு ஏழு படிவங்களாக நகர்கிறது: முதல் தகவல் அறிக்கை, குற்ற விவரம், கைது, பறிமுதல், இறுதி அறிக்கை ஆகிய ஐந்தையும் புலனாய்வு நடக்கும் நிலையமே நிரப்பும். ஆறாவது, விசாரணை நீதிமன்றத்தின் முடிவு. ஏழாவதுதான் மேல்முறையீட்டின் முடிவு. முதல் ஐந்துக்கும் ஆய்வாளர் மேலதிகாரிகளிடம் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் அவை ஒழுங்காக ஏறிவிடுகின்றன. தண்டனை கிடைத்தால் அது நிலையத்துக்குப் பெருமை, ஆறாவதும் ஏறிவிடும். சில ஆண்டுகள் கழித்து, அந்த ஆய்வாளர் வேறு மாவட்டத்துக்குப் போன பின்னர், மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் விடுதலைத் தீர்ப்பை ஏழாவது படிவத்தில் ஏற்ற யாருக்கும் அவசரம் இல்லை. என் அனுபவத்தில் சிக்கல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, அது தம் வேலை என்று யாரும் நினைப்பதில்லை. பிடியாணைக்கும் இதே கதிதான்: நீதிமன்றத்தில் ரத்தான செய்தி நிலையத்தின் நிலுவைப் பிடியாணைப் பதிவேட்டுக்குப் போய்ச் சேராமல், ரத்தான பிடியாணையைக் காட்டி ஒருவரைப் பிடித்து வந்த நிகழ்வுகளும் உண்டு.

தனியார் நிறுவனங்களும் அவை அமர்த்தும் சரிபார்ப்பு முகமைகளும் பெரும்பாலும் பார்ப்பது காவல் துறையின் பதிவை அல்ல, நீதிமன்றங்களின் இணையதளத்தை. இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளம் உண்டு. செஷன்ஸ் வழக்குக்கு ஒன்று, உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு வேறொன்று. செஷன்ஸ் பக்கத்தைத் திறந்தால் "தண்டிக்கப்பட்டார்" என்ற முடிவோடு வழக்கு முடிந்ததாகவே இன்றும் இருக்கும். அன்றாட நடவடிக்கைக் குறிப்புகளில் "பிடியாணை பிறப்பிக்கப்பட்டது", "திரும்பப் பெறப்பட்டது" என்ற வரிகளும் அப்படியே கிடக்கும். அந்தப் பக்கத்தில் பொய் எதுவும் இல்லை, அந்த நீதிமன்றத்தில் நடந்தது அதுவே. ஆனால் உயர் நீதிமன்றத்தில் தேடாத முகமை அரைக்கதையோடு அறிக்கை கொடுத்துவிடும். இதற்கு மேல் நம் பெயர்களால் வரும் குழப்பம் வேறு. குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றை எழுத்து முதலெழுத்தோடு எழுதப்படும் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்ட இருவர் இருப்பது அதிசயமல்ல. வழக்கே இல்லாதவர்மீது அடுத்தவர் வழக்கு ஏறியதும் உண்டு, தந்தை பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டுக் காட்டி அதை மறுப்பதற்குள் வேலை கைநழுவிவிடும்.

அப்படியானால் நீதிமன்றப் பதிவிலிருந்து பெயரையே நீக்கச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். இதில் சட்டம் இன்னும் நிலைபெறவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-ல் விடுதலை செய்த ஒருவர், தீர்ப்பிலிருந்து தம் பெயரை மறைக்கக் கேட்டார். 2021-ல் தனி நீதிபதி, அவர்மீது அனுதாபம் இருந்தும், அதற்கென்று சட்டமோ விதியோ இல்லை என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. அவர் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன், அவர் கேட்டதே அதைத்தானே. வேறு சில நாடுகளில் இருப்பதுபோல், விடுதலையானவரின் வழக்குப் பதிவை முழுவதுமாக அழிக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. சிறாருக்கு 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு அப்படியொரு பாதுகாப்பைத் தருகிறது. பெரியவர்களுக்கு உள்ளது ஒரு சிறு பகுதி மட்டுமே: 2022 ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தின்படி எடுத்த கைரேகை, படம் முதலியவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம், ஆனால் முன்பு தண்டனை இல்லாத ஒருவர் மேல்முறையீடுகள் அனைத்தும் முடிந்து விடுதலையாகி நின்றால், நீதிமன்றம் காரணம் எழுதி வேறுவிதமாக உத்தரவிடாத வரை, அவற்றை அழிக்க வேண்டும். அழிக்கக் கோரும் மனுவை மாநில அரசு அதற்கென நியமித்த அதிகாரியிடம் நாமேதான் கொடுக்க வேண்டும்.

தம்பி போவது தனியார் வேலை என்பதால் பின்வருவது அவருக்கு நேரடியாகப் பொருந்தாது, ஆனால் அரசு வேலைக்கு, குறிப்பாகக் காவல் துறைக்கு, முயல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே "விடுதலை" என்ற சொல் போதாது, எப்படி விடுதலை என்று பார்ப்பார்கள். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி சிறப்பு விதிகளின் 14(பி), சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சியாக மாறியதால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதச் சொல்கிறது. சரிபார்ப்பின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு கௌரவமான விடுதலை கிடைத்தால், அவர் அடுத்த தேர்வில்தான் கலந்துகொள்ள முடியும். இந்த விதியைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் ஏற்றுக்கொண்டது. கௌரவமான விடுதலை என்பதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் விளக்கம் கிடையாது என்று, தமிழகக் காவலர் ஒருவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமே 2012-ல் சொல்லியிருக்கிறது. சாட்சியங்களை முழுவதும் எடைபோட்டு, அரசுத் தரப்பு குற்றச்சாட்டை நிரூபிக்கவே இல்லை என்று முடிவுசெய்து விடுவித்தால் அப்படிக் கருதலாம் என்பதே அதன் சாரம். எனவே ஒரே விடுதலையை ஒரு நீதிபதி ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் படிக்க இடமுண்டு. குற்றமற்றவர் என்று அனுமானிக்கப்பட வேண்டிய ஒருவரைத் தீர்ப்பின் வார்த்தை நடையை வைத்துத் தரம் பிரிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை, ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

இப்போது படிவம். 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு வகுத்த நெறி அரசு வேலைகளுக்கானது என்றாலும், தனியார் நிறுவனங்களின் போக்கையும் அதுவே ஏறக்குறைய விளக்கிவிடும்: கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகும் வேலை தருவதா இல்லையா என்று எடைபோடும் உரிமை வேலை அளிப்பவருக்கு உண்டு, மறைத்தால் மறைத்ததே தனிக் காரணமாகிவிடும், அற்பமான வழக்கை மறைத்ததை மட்டும் மன்னிக்கலாம். ஆகவே கேள்வியின் சொற்களை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். "நீங்கள் தண்டிக்கப்பட்டவரா?" என்று மட்டும் கேட்டால், தண்டனை முற்றிலும் ரத்தான நிலையில் "இல்லை" என்பது சரியான பதில். "எப்போதாவது தண்டிக்கப்பட்டீர்களா?" என்று கேட்டால், சட்டம் "இல்லை" என்று சொல்ல இடம் தரும் என்றாலும், முகமையின் அறிக்கையில் செஷன்ஸ் தீர்ப்பு வந்து நிற்கும் என்பதால், "விசாரணை நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் இன்ன தேதியில் ரத்து செய்து விடுதலை செய்தது" என்று ஒரே வரியில் எழுதி நகலை இணைத்துவிடுமாறு நான் சொல்வேன். "கைதானதுண்டா, உங்கள்மீது வழக்குப் பதிவானதுண்டா?" என்று கேட்டால் "ஆம்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. விடுதலை என்பது வழக்கு நடந்த வரலாற்றை மாற்றாது. அமெரிக்க விசா விண்ணப்பம் கைதையும் சேர்த்தே கேட்கிறது, மன்னிப்பு கிடைத்திருந்தாலும் சொல் என்கிறது. வெளிநாட்டுப் படிவங்களில் இந்திய நீதிமன்றத் தீர்ப்பை நம் வசதிக்கேற்ப விளக்கிக்கொள்ளக் கூடாது.

பாஸ்போர்ட் எடுப்பதில் சிக்கல் வருமா என்றும் பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். 1967 ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2) பிரிவு, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டுகளுக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டாண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றவருக்கும், குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளவருக்கும், பிடியாணையோ சம்மனோ பிறந்துள்ளவருக்கும் மறுக்க வேண்டும் என்கிறது. தண்டனை ரத்தாகி, பிடியாணையும் திரும்பப் பெறப்பட்டு, வேறு வழக்கும் இல்லையென்றால் மூன்றுமே தம்பிக்குப் பொருந்தாது. நிலையத்திலிருந்து பாதகமான அறிக்கை போனாலும், பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பும். அப்போது தீர்ப்பு நகலோடு பதில் கொடுத்தால் பொதுவாகச் சரியாகிவிடும்.

செய்ய வேண்டியதை வேலை நியமனக் கடிதம் வருவதற்கு முன்னரே செய்துவிடுங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் ஒன்றுக்கு மேல் வாங்கி வையுங்கள், இணையத்திலிருந்து இறக்கிய பிரதியைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். பிடியாணையைத் திரும்பப் பெற்ற உத்தரவுக்கும் விசாரணை நீதிமன்றத்தில் நகல் மனு போடுங்கள். பழைய கட்டு ஆவண அறைக்குப் போயிருந்தால் தாமதமாகும். இரண்டின் நகலையும் இணைத்து, மேல்முறையீட்டு முடிவைச் சி.சி.டி.என்.எஸ்.ஸில் ஏற்றுமாறும் நிலுவைப் பிடியாணைப் பதிவேட்டில் குறிக்குமாறும் கேட்டுக் காவல் நிலைய ஆய்வாளருக்கு ஒரு மனுவும், மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு அதன் பிரதியும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வழக்கு நடந்த காலத்தில் நிலையத்தில் அவர்மீது கண்காணிப்புக்கான சரித்திரப் பதிவேடு (ஹிஸ்டரி ஷீட்) ஏதும் திறந்தார்களா என்றும் அதே மனுவில் கேளுங்கள், விடுதலையால் அது தானாக மூடப்படுவதில்லை. நியாயமான காலம் பொறுத்தும் அசைவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவின்கீழ் மனு போடலாம், பெரும்பாலும் மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடு என்ற உத்தரவு கிடைக்கும். அதன் பிறகு தமிழகக் காவல் துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவையில் தம்பியே தமக்காக ஒரு முறை விண்ணப்பித்து, அறிக்கையில் என்ன வருகிறது என்று பார்த்துவிடலாம்.

நீங்கள் எழுதிய நாலு வரியை வைத்துத்தான் இவ்வளவும் சொன்னேன், தீர்ப்பை நான் படிக்கவில்லை. அதில் "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து" என்ற சொற்கள் இருந்தாலும் தனியார் வேலைக்கு அது தடை இல்லை. ஆனால் கூட இருந்த எதிரிகளில் யாருக்காவது தண்டனை உறுதியாகியிருந்தாலோ, தம்பிக்கே ஒரு பிரிவில் விடுதலையும் இன்னொரு பிரிவில் அபராதமும் என்று இருந்தாலோ, படிவத்தில் எழுத வேண்டிய வரி மாறும். அப்படி ஏதேனும் இருந்தால் கையொப்பமிடும் முன் மேல்முறையீட்டை நடத்திய வழக்கறிஞரிடமே அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள்.